அயர்லாந்தும் பன்னாட்டுத் தொழில்நுட்ப நிறுவனங்களும்: ஒரு திறனாய்வு

பன்னாட்டு நிறுவனங்களைக் குறித்து நம் இறையியல் வட்டாரங்களில் எழுதப்படுவனவற்றைப் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். அவற்றில் இருவகைக் கூற்றுகளே மாறி மாறி வருகின்றன. இலத்தீன் அமெரிக்கச் சிந்தனையாளர்களின் நூல்களைப் பயின்ற முன்தலைமுறையினர் நிறுவனத்தை வேட்டை விலங்காகவும் சிறிய நாட்டை இரையாகவும் கண்டனர். இப்பொழுது எழுதும் இளைஞரோ நிறுவனத்தைக் கொடையாளியாகவும் சிறிய நாட்டைப் பேறு பெற்றதாகவும் காண்கின்றனர். முதற்கூற்று இன்று வழக்கொழிந்து வருகிறது. இரண்டாவது ஓங்கி நிற்கிறது. இரண்டிலும் ஒரே குறை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இரண்டும் நிறுவனத்தைப் பற்றியே பேசுகின்றன. அந்நாட்டின் அரசு என்ன செய்தது என்று கேட்பதில்லை.

இவ்வெண்ணம் எழக் காரணமாயிருந்தது, சமுதாய அறவியல் வகுப்பில் மாணவர் ஒருவர் அளித்த கட்டுரையாகும். அவர் அயர்லாந்தை எடுத்துக்காட்டாகக் கொண்டிருந்தார். தன் பிள்ளைகளைக் கப்பலேற்றி அனுப்பிக்கொண்டிருந்த நாடு, ஒரு வாழ்நாட் காலத்துக்குள் உலகின் செல்வம் மிக்க நாடுகளின் பட்டியலில் முன்வரிசைக்கு வந்துவிட்டது என்றும், அம்மாற்றத்தை ஏற்படுத்தியவை அமெரிக்கத் தொழில்நுட்ப நிறுவனங்களே என்றும், ஏனைய சிறிய நாடுகளும் அவ்வழியைப் பின்பற்றுதல் நலம் என்றும் அவர் எழுதியிருந்தார். கட்டுரை தெளிவாக அமைந்திருந்தது. நல்ல மதிப்பெண்ணும் கொடுத்தேன். ஆயினும் கொடுத்த பின்பு மனம் அமைதியடையவில்லை. அதில் பொய்யான செய்தி ஒன்றுமில்லை. கேட்கப்படாத வினாக்களே பல இருந்தன. அவ்வினாக்களைத் தொடர்ந்து சென்றதன் விளைவே இக்கட்டுரை.

அயர்லாந்து நம் வாசகர்களுக்கு முற்றிலும் அந்நியமான பெயரன்று. இடையன்குடியில் உழைத்த பேராயர் கால்டுவெல் பிறந்தது அத்தீவில்தான். அவர் பிறந்த ஆன்ட்ரிம் பகுதி இன்று பிரித்தானிய முடியின் கீழ் உள்ளது. நாம் இங்குப் பேசுவதோ டப்ளினைத் தலைநகராகக் கொண்ட குடியரசைப் பற்றி.

இந்நாடு 1922இல் தன்னாட்சி பெற்றது. 1930களில் உள்நாட்டுத் தொழில்களைக் காக்க விரும்பி, அந்நியர் தொழிற்சாலைகளை உடைமையாகக் கொள்வதைச் சட்டத்தால் கட்டுப்படுத்தியது. அக்கொள்கை தேசியப் பெருமிதத்துக்கு ஏற்றதாயிருந்தது, வயிற்றுக்குப் போதுமானதாயில்லை. 1951 முதல் 1961 வரையுள்ள பத்தாண்டுகளில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டு வெளியேறினர். 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது எஞ்சியிருந்த மக்கள் ஏறத்தாழ 28 லட்சம். மகனையும் மகளையும் இங்கிலாந்துக்கோ அமெரிக்காவுக்கோ அனுப்பிவிட்டு முதியோர் மாத்திரம் அமர்ந்திருக்கும் கிராமங்கள் எத்தகையன என்பதைப் பாளையங்கோட்டையிலும் நாகர்கோவிலிலும் ஊழியம் செய்தோர்க்கு விளக்க வேண்டியதில்லை.

இந்நிலையில்தான் நிதித்துறைச் செயலராயிருந்த டி. கே. விட்டேக்கர் 1958இல் வெளியிட்ட பொருளாதார ஆய்வு, கதவைத் திறந்துவிடுமாறு அரசுக்கு வழிகாட்டிற்று. ஏற்றுமதி இலாபத்துக்கு 1956இல் தொடங்கிய வரிச்சலுகை, அதே 1958இல் முழு விலக்காக விரிந்தது. 1959இல் ஷானன் விமான நிலையத்தையொட்டிச் சுங்கவரியற்ற தொழில் வளாகம் ஒன்று அமைந்தது. உலகில் இத்தகைய வளாகங்களுள் முதன்முதல் தோன்றியவற்றில் அதுவும் ஒன்று. 1967இல் உயர்நிலைக் கல்வி கட்டணமின்றி வழங்கப்பட்டது. 1973இல் நாடு ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. ஏற்றுமதிக்கு மட்டும் விலக்களிப்பது முறையன்று என ஐரோப்பிய அமைப்பு மறுக்கவே, 1981 முதல் உற்பத்தித் தொழில் அனைத்துக்கும் 10 சதவீத வரி என்றும், 2003 முதல் வணிக இலாபம் அனைத்துக்கும் 12.5 சதவீத வரி என்றும் சட்டம் மாற்றியமைக்கப்பட்டது. சட்டத்தின் வடிவம் மாறிற்றேயன்றி, அதன் நோக்கம் மாறவில்லை.

ஆகவே நிறுவனங்கள் ஏன் அங்குச் சென்றன என்ற வினாவுக்கு விடை காண்பது அரிதன்று. ஆங்கிலம் பேசும் மக்கள், கல்வி பெற்ற இளைஞர், ஐரோப்பியச் சந்தைக்குள் தடையற்ற நுழைவு, அடிக்கடி மாறாத அரசியல் என்னும் இவையனைத்தும் உண்மையான காரணங்களே. இவற்றுடன் நாட்டின் சிறுமையும் ஒரு காரணம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பெரிய நாடு ஒன்று தன் நிறுவன வரியைத் தாழ்த்தினால், ஏற்கெனவே உள்ள தொழில்களிடமிருந்து கிடைக்கும் வருவாயைப் பெருமளவில் இழக்கும். சிறிய நாட்டுக்கோ இழக்க அதிகமில்லை. வரப்போகும் விருந்தாளியிடமிருந்து கிடைக்கும் சிறு பங்கும் அதற்குப் பெருஞ்செல்வம். உள்ளூரில் விற்பதற்கு வருகிறவன் சந்தையின் அளவைப் பார்ப்பான். ஆனால் உலகெங்கும் விற்றதன் இலாபத்தை ஓரிடத்தில் எழுதிவைக்க வருகிறவனுக்குச் சந்தை எதற்கு? எழுதிவைக்கும் ஏட்டின் சட்டமே அவனுக்கு வேண்டியது. சிறிய நாட்டிடம் நிலக்கரி இல்லாதிருக்கலாம், இரும்பு இல்லாதிருக்கலாம். சட்டமியற்றும் உரிமை உண்டு. அவ்வுரிமையே அயர்லாந்தின் தலையாய ஏற்றுமதிப் பொருளாயிற்று என்று நான் சொல்வேன்.

இதைச் சொல்லுமுன் விளைந்த நன்மையை ஒப்புக்கொள்ளுதல் கடமையாகும். 1980களின் நடுவில் அந்நாட்டில் வேலையின்மை ஏறத்தாழ 17 சதவீதம். 1980இல் ஆப்பிள் நிறுவனம் கார்க் நகரில் சிறு தொழிற்சாலை ஒன்றைத் திறந்தது. இன்று அங்கு ஏறத்தாழ 6,000 பேர் பணிபுரிகின்றனர். 1989இல் இன்டெல் நிறுவனம் லெய்க்ஸ்லிப் என்னும் ஊரைத் தெரிந்தெடுத்தது. பின்னர் கூகுளும் பேஸ்புக்கும் டப்ளினில் தங்கள் ஐரோப்பியத் தலைமையிடங்களை நிறுவின. அரசின் தொழில் மேம்பாட்டு முகமை அழைத்துவந்த அந்நிய நிறுவனங்களில் வேலை செய்வோர் அனைவரையும் சேர்த்தால் இப்பொழுது சுமார் 3 லட்சம் பேர். 1990களில் வெளியேறியவர்களே திரும்பி வரத் தொடங்கினர். பிள்ளைகள் வீடு திரும்பியதைச் சிறிய காரியமாக எண்ணுகிறவர் பிரிவின் துயரை அறியாதவர். வேட்டை விலங்கு என்னும் பழைய உருவகம் இங்கே பொருந்தாது.

எனினும் நன்மையின் தன்மையைக் குறித்து முதல் எச்சரிக்கை அந்நாட்டுக்குள்ளிருந்தே எழுந்தது. தேசியப் பொருளாதார சமூகக் குழுவின் வேண்டுகோளின்படி டெலசிஸ் என்ற ஆலோசகர் குழு 1982இல் ஓர் அறிக்கை அளித்தது. வந்துள்ள தொழிற்சாலைகளில் பெரும்பாலானவை பொருத்துதலும் கட்டுதலுமாகிய வேலையையே செய்கின்றன. ஆராய்ச்சியும் விற்பனைத் திட்டமும் தலைமையிடத்திலேயே தங்கிவிடுகின்றன. உள்ளூர்த் தொழில்களோடு அவற்றுக்குள்ள தொடர்பு மிகச் சொற்பம். ஆதலால் அந்நியருக்கு அளிக்கும் மானியத்தின் ஒரு பகுதியைச் சொந்தத் தொழில்களைக் கட்டியெழுப்பச் செலவிடுக என்பதே அதன் சாரம். நாற்பதாண்டுகளுக்குமேல் ஆகியும் அவ்வறிக்கை முற்றிலும் பழமையாகிவிடவில்லை. அந்நிய நிறுவனங்களுக்கும் உள்நாட்டு நிறுவனங்களுக்கும் இடையே உற்பத்தித் திறனில் உள்ள பிளவு இன்றும் ஆழமானது.

வந்தவர் போவதும் உண்டு. லிமெரிக் நகரில் டெல் நிறுவனம் கணினிகளைத் தயாரித்து வந்தது; நகரத்தின் வாழ்வே அதனைச் சுற்றி அமைந்தது. 2009 ஜனவரியில், உற்பத்தியைப் போலந்து நாட்டின் ஊட்ச் நகருக்கு மாற்றப்போவதாக அது அறிவித்தது. ஏறத்தாழ 1,900 பேர் வேலையிழந்தனர். அதே ஆண்டு செப்டம்பரில், ஊட்ச் தொழிற்சாலைக்குப் போலந்து அரசு 5 கோடியே 45 லட்சம் யூரோ உதவியளிப்பதை ஐரோப்பிய ஆணையம் அனுமதித்தது. லிமெரிக்கில் வேலையிழந்தோரின் மறுபயிற்சிக்கு ஐரோப்பிய நிதியிலிருந்து 1 கோடியே 48 லட்சம் யூரோ ஒதுக்கப்பட்டது. ஒரு கை அனுமதித்தது, மறுகை கண்ணீரைத் துடைத்தது; துடைத்த கையில் இருந்த தொகை சிறியது. போலந்து செய்தது, தனக்குமுன் அயர்லாந்து செய்ததையே. இதில் யாரைக் குறைகூறுவது?

ஆனால் ஆலை மூடப்படுவதைக் காட்டிலும் ஆழமான செய்தியொன்று அதற்கடுத்த ஈராண்டுகளில் வெளிப்பட்டது. மாணவரின் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அயர்லாந்தின் வங்கிகள் நிலைகுலைந்து, 2010 நவம்பரில் அரசு ஐரோப்பிய ஒன்றியத்திடமும் பன்னாட்டு நிதியத்திடமும் 8,500 கோடி யூரோ அளவிலான மீட்புத் திட்டத்துக்குக் கைநீட்ட நேர்ந்தது. வீட்டுமனை வணிகமும் வங்கியாளரின் பேராசையுமே அவ்வீழ்ச்சிக்குக் காரணம்; தொழில்நுட்ப நிறுவனங்கள் அல்ல. அவ்வேளையில் எதைத் தொடலாம், எதைத் தொடலாகாது என்று அரசு முடிவு செய்ய வேண்டியிருந்தது. அரசு ஊழியரின் ஊதியம் தொடப்பட்டது. வேலையற்றோரின் உதவித்தொகை தொடப்பட்டது. 2011 பிப்ரவரியில் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 8.65 யூரோவிலிருந்து 7.65 யூரோவாகக் குறைக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூலையில் புதிய அரசு அதை மீட்டளித்தது. 12.5 சதவீத நிறுவன வரியை உயர்த்துமாறு பிரான்சும் ஜெர்மனியும் வற்புறுத்தியபோதிலும் அது மாத்திரம் தொடப்படவில்லை. ஆட்சி மாறிற்று, இதில் கொள்கை மாறவில்லை.

உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறவனின் ஒரு யூரோவில் கைவைக்க ஓர் அரசால் முடிந்தது, விருந்தாளியின் விகிதத்தில் கைவைக்க முடியவில்லை என்றால், அவ்வரசின் உள்ளம் கொடியது என்று நான் முடிவு கட்டவில்லை. அவர்கள் அஞ்சினர். வரியைத் தொட்டால் விருந்தாளி எழுந்துபோவான், அப்பொழுது பாத்திரம் கழுவுகிறவனுக்கும் வேலையிராது என்று உண்மையாகவே நம்பினர். அந்நம்பிக்கை தவறாயிராமலும் போகலாம். இருப்பினும் எவனைத் தொட அரசுக்கு அச்சம், எவனைத் தொட அச்சமில்லை என்பதைக் கொண்டே அந்நாட்டில் உண்மையான குடியுரிமை எவருக்குரியது என்று அளந்தறியலாம்.

ஆப்பிள் வழக்கு இதன் உச்சமாகும். 1991, 2007 ஆகிய ஆண்டுகளில் அயர்லாந்து வரித்துறை அந்நிறுவனத்துக்கு வழங்கிய இரு முடிவுகளை ஐரோப்பிய ஆணையம் ஆராய்ந்தது. இலாபத்தின் மிகப் பெரும்பகுதி ஒரு ‘தலைமை அலுவலகத்துக்கு’ உரியதாக எழுதப்பட்டிருந்தது. அவ்வலுவலகத்துக்கு எந்த நாட்டிலும் கட்டடமில்லை, ஊழியரில்லை. ஆதலால் எந்த நாட்டிலும் அதற்கு வரியில்லை. இதன் பயனாக ஒரு துணைநிறுவனம் செலுத்திய வரி 2014இல் இலாபத்தில் 0.005 சதவீதமாயிருந்தது என்று 2016 ஆகஸ்டு 30 அன்று ஆணையம் அறிவித்தது. அதாவது பத்து லட்சம் யூரோவுக்கு ஐம்பது யூரோ. ஐரோப்பாவில் மட்டுமன்றி, மத்தியக் கிழக்கிலும் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் பொருள்களை விற்கும் பொறுப்பு அத்துணைநிறுவனத்தினுடையது என்று ஆணையத்தின் அறிவிப்பே கூறுகிறது. நம்மவர் கடனுக்கு வாங்கிய கைப்பேசியின் கணக்கும் அந்த ஆளில்லாத அலுவலகத்தின் வாசலை எட்டிப் பார்த்திருக்கக்கூடும்.

சட்டவிரோதமாக அளித்த சலுகையாகிய 1,300 கோடி யூரோவை வட்டியுடன் வசூலித்துக்கொள்ளுமாறு ஆணையம் அயர்லாந்துக்குக் கட்டளையிட்டது. ஐந்தாண்டுகளுக்கு முன்புதான் குறைந்தபட்ச ஊதியத்தைக் குறைத்த அரசு, இப்பணம் தனக்கு வேண்டாம் என்று நீதிமன்றம் சென்றது! தன் வரிச்சட்டத்தில் பிறர் தலையிடுதல் கூடாது, அந்நிறுவனத்துக்குத் தனிச்சலுகை ஒன்றும் தரப்படவில்லை என்பன அதன் வாதங்கள். 2020இல் கீழ் நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்றது. 2024 செப்டம்பர் 10 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளி, ஆணையத்தின் முடிவை நிலைநாட்டியது.

இறையியல் பயின்றோர்க்கு இவ்விடத்தில் லூக்கா 16ஆம் அதிகாரத்து உக்கிராணக்காரனின் நினைவு வருதல் இயல்பே. எஜமானின் கடனாளிகளை அழைத்து அவர்கள் சீட்டில் தொகையைக் குறைத்தெழுதச் செய்தவன் அவன். ஆயினும் இவ்வொப்புமையை அவசரப்பட்டுப் பிரசங்கத்தில் பயன்படுத்த வேண்டாம் என்று இளம் போதகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். உவமையில் எஜமான் அறியாமல் குறைத்தெழுதப்பட்டது. இங்கே எஜமான் என்பது குடிமக்கள். குறைந்த வரி என்னும் பொதுக்கொள்கையை அவர்கள் தேர்தல்தோறும் அறிந்தே ஏற்றுவந்தனர். அந்தத் தனிச்சீட்டை மட்டுமே அவர்களில் பெரும்பாலோர் கண்டதில்லை.

சட்டத்தை வாடகைக்கு விடுவதன் மற்றொரு விளைவு, நாட்டின் கணக்கேடு நாட்டு மக்களைப் பற்றிப் பேசாமற்போவது. 2015ஆம் ஆண்டில் அயர்லாந்தின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 26 சதவீதம் வளர்ந்ததாக 2016 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. எந்த நாட்டு மக்களும் ஓராண்டில் அவ்வளவு அதிகமாக உழைத்துவிட முடியாது. சில நிறுவனங்கள் தங்கள் காப்புரிமைகளையும் பிற அறிவுச் சொத்துகளையும் அயர்லாந்தின் ஏட்டுக்கு மாற்றி எழுதியதே முக்கியக் காரணம். பொருளாதார அறிஞர் பால் குரூக்மன் இதை அந்நாட்டு நாட்டுப்புறக் கதைகளில் வரும் மாயக் குள்ளனின் பெயரால் எள்ளி நகையாடினார். நாட்டின் புள்ளியியல் அலுவலகமே 2017இல் திருத்தப்பட்ட தேசிய வருமானம் என்ற புதிய அளவுகோலை வகுக்க நேர்ந்தது. 2022இல் அவ்வளவுகோலின்படி கிடைத்த தொகை, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் பாதியைச் சற்றே மிஞ்சியது. நம் மாணவர் காட்டிய ‘செல்வம் மிக்க நாடு’ என்ற பட்டியல் பழைய அளவுகோலைக் கொண்டது என்பதை இங்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இருந்தாலும் அரசின் பெட்டியில் விழும் பணம் மாயமன்று. 2014இல் 460 கோடி யூரோவாயிருந்த நிறுவன வரி வருவாய் 2023இல் 2,380 கோடியாயிற்று. அதில் பாதிக்கு மேற்பட்டது பத்தே நிறுவனங்களிடமிருந்து வருகிறது. பத்துப் பேரில் இருவர் எழுந்துபோனால் என்னாகும் என்ற அச்சம் அரசுக்கே உண்டு. ஆகையால்தான் உபரியில் ஒரு பகுதியை எதிர்கால நிதியாகச் சேமிக்கச் சட்டமியற்றியுள்ளது. இது விவேகமான செயல். பெரும் நிறுவனங்களுக்கு வரி 15 சதவீதத்துக்குக் குறையலாகாது என்னும் பன்னாட்டு உடன்பாட்டையும் அயர்லாந்து ஏற்று, 2024 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்தியது. அதன் பின்பும் வேலைவாய்ப்பு குலையவில்லை. 2011இல் இருந்த அச்சத்தில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பழக்கம் என்று இதைக்கொண்டு எண்ணிப்பார்க்கலாம். பலர் சேர்ந்து உயர்த்தியதற்கும் ஒருவன் தனித்து உயர்த்துவதற்கும் வேறுபாடுண்டு என்ற மறுப்பு நியாயமானதே.

பணம் மாயமன்று என்றேன்; நிலமும் மின்சாரமும் வீடும்கூட மாயமல்ல. தரவு மையங்கள் என்னும் பெருங்கட்டடங்களில் உலகத்தாரின் நிழற்படங்களும் கடிதங்களும் கணக்குகளும் இரவும் பகலும் சேமிக்கப்படுகின்றன. அவற்றில் வேலை செய்வோர் சிலரே. 2015இல் நாட்டின் மின்சாரத்தில் 5 சதவீதத்தை நுகர்ந்த இம்மையங்கள் 2023இல் 21 சதவீதத்தை நுகர்ந்தன. அவ்வாண்டில் நகர்ப்புற வீடுகள் யாவும் சேர்ந்து பயன்படுத்தியது 18 சதவீதமே. டப்ளின் பகுதியில் புதிய மையங்களுக்கு இணைப்பு வழங்குவதை மின்தொடரமைப்பு நிறுவனம் நிறுத்திவைக்கும் அளவுக்கு நெருக்கடி முற்றிற்று.

வீடுகளின் நிலை இன்னும் துயரமானது. 2025இல் அரசின் அவசரத் தங்குமிடங்களில் 15,000க்கும் மேற்பட்டோர் இருந்தனர். அவர்களில் 4,500க்கும் அதிகமானோர் சிறுவர். வங்கி வீழ்ச்சிக்குப் பின் வீடு கட்டுதல் ஏறக்குறைய நின்றுபோனதும், நகராட்சிகள் வாடகை வீடுகள் கட்டுவதைக் குறைத்துக்கொண்டதும் இதற்கு முக்கியக் காரணங்கள். பழி முழுவதையும் நிறுவனங்களின்மீது சுமத்துவது பொருந்தாது. ஆனால் உயர்ந்த ஊதியம் பெறும் பல்லாயிரம் பேரை ஒரே நகரத்துக்கு அழைத்துவந்த கொள்கை, அவர்களோடு வாடகைப் போட்டியில் நிற்க வேண்டிய ஆசிரியருக்கும் செவிலியருக்கும் இடம் ஒதுக்க மறந்தது. டப்ளினில் வாடகை கொடுக்க இயலாமல் இளம் ஆசிரியர் மீண்டும் அயல்நாட்டுக்கு விமானமேறுகின்றனர்.

இவற்றைப் பார்க்குமிடத்து, மாணவர் தம் கட்டுரையின் இறுதியில் ஏனைய சிறிய நாடுகளுக்குத் தந்த அறிவுரையை என்னால் ஏற்க இயலவில்லை. அயர்லாந்து பெற்ற பயனில் பெரும்பகுதி, அண்டையிலுள்ளோர் அதையே செய்யாதிருந்ததனால் கிடைத்தது. எல்லாரும் வரியைத் தாழ்த்தினால் எவருக்கும் மேன்மையில்லை, எல்லாருக்கும் இழப்புண்டு. கட்டணமில்லாக் கல்வியைப் பின்பற்றுக என்று அவர் எழுதியிருந்தால் மனமார ஒப்புக்கொண்டிருப்பேன். கல்வி பெற்ற மக்களை நிறுவனம் போகும்போது கையோடு கொண்டுபோக முடியாது. லிமெரிக்கிலும் எஞ்சி நின்றது அதுவே.

தீர்ப்பு வந்த மறுமாதம், 2024 அக்டோபரில், அயர்லாந்தின் நிதியமைச்சர் வரவு செலவுத் திட்டத்தை முன்வைத்தபோது, எட்டாண்டுகளாக வேண்டாமென்று வழக்காடிய அந்தப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்ற பேச்சும் எழுந்தது. குடிநீர், மின்சாரம், போக்குவரத்து, வீட்டுவசதி என்று அவர் நான்கைக் குறிப்பிட்டார்.